நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கு எது சரி: நடையா, யோகாவா, எடையா, கும்மியா?

வாரத்துக்கு மூன்று மணி நேரம், மிஞ்சிப்போனால் நாலு. வீடு, வேலை, மாமனார் மாமியார், பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் காட்சி என்று எல்லாம் போக, நம் பக்கம் 45 வயதைத் தாண்டிய ஒரு பெண் தனக்கென்று ஒதுக்க முடிகிற நேரம் பெரும்பாலும் அவ்வளவுதான். அந்த நேரத்தை எதில் போடுவது? விடிகாலையில் நடக்கலாமா, யோகா வகுப்புக்குப் போகலாமா, ஜிம்மில் சேரலாமா, ஊரில் புதிதாக ஆரம்பித்திருக்கும் வள்ளி கும்மிக்குப் பேர் கொடுக்கலாமா, இல்லை "நாள் முச்சூடும் வேலைதானுங்க செய்யறோம், அதுக்கு மேல என்னத்துக்கு" என்று விட்டுவிடலாமா? ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர்ப் பக்கம் பெண்கள் நாலு பேர் கூடுகிற எந்த விசேஷ வீட்டிலும் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடையை விட வேண்டாம், ஆனால் நடையோடு நின்றுவிடவும் வேண்டாம். தொடைக்கும் இடுப்புக்கும் பலம் ஏற்றுகிற பயிற்சி வாரம் இரண்டு நாளாவது இல்லாவிட்டால் அது பாதித் திட்டம்தான்.

எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் நாம் பார்ப்பது எடை குறைந்ததா, சுகர் குறைந்ததா என்றுதான். அவை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் 75 வயதில் ஒரு பெண்ணின் நாள் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிப்பது வேறு சில விஷயங்கள். டவுன் பஸ்ஸின் முதல் படி அவ்வளவு உயரத்தில் இருக்கிறதே, கம்பியைப் பிடித்து அதில் ஏற முடிகிறதா, கோயில் மண்டபத்தில் தரையில் உட்கார்ந்தால் யாரும் கைகொடுக்காமல் எழ முடிகிறதா, ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக பாத்ரூம் போய் வர முடிகிறதா, குளியலறையில் கால் வழுக்கினால் சுதாரித்து நிற்க முடிகிறதா. மருத்துவர்கள் இதை உடலின் செயல்திறன் என்பார்கள். அது போய்விட்டால் பிள்ளைகள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், அடுத்தவர் வந்து தூக்கிவிடும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இது 70 வயதில் யோசிக்க வேண்டிய விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உடம்பு அப்படிக் காத்திருப்பதில்லை. முப்பது வயதுக்கு மேல் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, தசையின் அளவைவிட அதன் பலம் இன்னும் வேகமாக இறங்குகிறது. அப்புறம் மாதவிடாய் நிற்கிற காலம். நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் வந்துவிடுகிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்த அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரைகூடக் குறையலாம். அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய 'ஸ்வான்' ஆய்வு 42 முதல் 52 வயது வரையிலான 3,302 பெண்களைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்தது. அதற்கு ஆள் சேர்க்கும்போதே 40 முதல் 55 வயதுக்குள் இருந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாடி ஏறுவது, சாமான் தூக்குவது போன்ற அன்றாடக் காரியங்களில் ஏதோ ஒரு சிரமம் இருந்தது தெரிந்தது. நடுவயது முழுக்க உடம்பை நன்றாக அசைத்து வந்தவர்கள் பின்னாளில் நடை வேகத்திலும் நாற்காலியை விட்டு எழுவதிலும் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள்.

இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்ப ஆறுதல் தந்தது. ஆஸ்திரேலியாவில் 1946 முதல் 1951 வரை பிறந்த 11,000-க்கும் மேற்பட்ட பெண்களை 1996-லிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விசாரித்து வந்தார்கள். வாரம் 150 நிமிட உடற்பயிற்சியை ஆரம்பத்திலிருந்தே விடாமல் செய்தவர்களுக்கு 70 வயதில் உடல்நலத்துக்கான மதிப்பெண், செய்யாதவர்களைவிட நூற்றுக்கு 3 புள்ளி அளவுக்குக் கூடுதலாக இருந்தது. அதுவரை செய்யாமல் இருந்து 55 வயது வாக்கில் ஆரம்பித்துத் தொடர்ந்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன்தான். ஆகவே 50 வயதில் நிற்கிற ஒரு பெண் "இனி என்ன" என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

உங்கள் நிலை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரில் சாய்த்துப் போடுங்கள். இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்குப்படி 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால், 70 முதல் 74 வயதுக்கு 10-க்குக் குறைந்தால் கீழே விழும் ஆபத்து அதிகம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சீர் வீட்டில் பெண்கள் கூடியிருந்தபோது வரிசையாக இதைச் செய்து பார்த்தோம். தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் நடக்கிற, ஐம்பதைக்கூட எட்டாத ஒரு தங்கச்சி, எட்டாவது முறை எழும்போதே முட்டி இரண்டும் உள்பக்கமாகச் சாய, கையை அவிழ்த்து தொடையில் ஊன்றிவிட்டாள். கட்டுத்தரையில் இன்றைக்கும் கையால் பால் கறக்கிற அறுபது கடந்த பெரியம்மா எண்ணிக்கொண்டே சளைக்காமல் எழுந்து உட்கார்ந்தார். முதுகு நேராக இருந்தது, பாதம் அசையவில்லை.

அதைப் பார்த்ததும் அங்கிருந்த பாதிப்பேர் "அப்ப தோட்டத்து வேலையே போதுமாட்ட இருக்குதுங்க" என்றார்கள். முதல் ஒப்பீடு அதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய ஒன்று. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவது, சோளத்தட்டுக் கட்டைத் தூக்குவது, தண்ணீர் சுமப்பது எல்லாம் நிஜமான பலப்பயிற்சிதான், அந்தப் பெரியம்மாவின் தொடை அதற்குச் சாட்சி. ஆனால் அதே பெரியம்மாவால் வலது தோளை முழுசாகத் தூக்க முடியாது, கீழ்முதுகு வலி இல்லாத நாள் அவருக்கு இல்லை. வேலை நம் உடம்பைக் கேட்டு நடப்பதில்லை. கடலை பறிக்கும் பருவம் வந்தால் வலியோடும் குனிந்துதான் ஆக வேண்டும், ஒரே பக்கம், ஒரே வளைவு, ஓய்வு கிடையாது. கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பின்தொடர்ந்து 2021-ல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் செய்கிற உடற்பயிற்சி இதய நோயையும் மரணத்தையும் குறைப்பதோடு சேர்ந்து வந்தது, பிழைப்புக்காகச் செய்கிற கடும் உடலுழைப்பு அவற்றை அதிகரிப்பதோடு சேர்ந்து வந்தது. உழைப்பு கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. உழைக்கிற உடம்புக்கு மீண்டு எழ நேரம் வேண்டும் என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

அதோடு, "நாள் முச்சூடும் வேலை" என்று நாம் சொல்கிற வேலையே மாறிப்போய்விட்டது. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது, துவைக்கிற கல் போய் வாஷிங் மெஷின் வந்தது, பல தோட்டங்களில் கறவைக்கும் மெஷின்தான். இது நல்லதுதான், அந்தக் கஷ்டத்துக்குத் திரும்பிப் போகச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர் ஒருத்தி ஓவர்டைமும் சேர்த்தால் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருக்கிறாள். அலுத்துப்போய் வருகிறாள், ஆனால் அவளுடைய தொடையும் இடுப்பும் அன்றைக்கு வேலையே செய்யவில்லை. அலுப்பு வேறு, பயிற்சி வேறு.

சரி, நடைக்கு வருவோம். காசு கேட்காத, கற்றுக்கொள்ளத் தேவையில்லாத, பேச்சுத் துணை கிடைக்கிற பயிற்சி என்பதால் இதற்கு ஈடு கிடையாது. 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சராசரியாக 72 வயதான 16,741 பெண்களுக்கு அசைவை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். நாளுக்கு 2,700 காலடி (ஸ்டெப்ஸ்) நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது, 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பத்தாயிரம் அடி என்று போனைப் பார்த்துக்கொண்டே மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் நடை தருகிற பலன் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சர்க்கரைக்கும் தான் அதிகம். சமதரையில் சாவகாசமாக நடக்கும்போது தொடைத் தசைக்கு வருகிற சுமை ரொம்பக் கம்மி, நாற்காலியிலிருந்து எழுவதற்கு வேண்டிய பலம் அதில் வளராது. கீழே விழுவதைத் தடுக்க என்ன பயிற்சி உதவுகிறது என்று 108 ஆய்வுகளையும் 23,000-க்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பில், தடுமாறாமல் நிற்கிற நிதானத்துக்கும் எழுந்து உட்காருவது போன்ற அசைவுகளுக்குமான பயிற்சி விழுவதை 24 சதவீதம் குறைத்தது. நடையை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதைத்தான் நான் கல்யாண வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நடப்பதானால் வேகம் வேண்டும். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது, அந்த வேகம். கோவை ரேஸ்கோர்ஸிலோ உக்கடம் பெரியகுளத்துக் கரையிலோ அப்படி நடக்க இடம் இருக்கிறது. ஊர்ப்புறத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. விடிகாலை இருட்டில் மெயின் ரோட்டில் லாரி வருகிறது, தெருநாய் துரத்துகிறது, இரண்டு பக்கமும் வேலி வைத்த இட்டேரியில் தனியாகப் போக வீட்டில் விடுவதில்லை. பல பெண்கள் நடையை நிறுத்துவது சோம்பேறித்தனத்தால் இல்லை, இதனால்தான். அவர்களிடம் போய் "தினமும் நட" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை, வீட்டுக்குள் செய்கிற மாதிரி ஒன்றைக் காட்ட வேண்டும்.

யோகாவுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. ஆழியாறு வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் சிற்றூர் வரைக்கும் இருக்கின்றன, வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஈஷா இருக்கிறது, இவை போக தெருவுக்குத் தெரு மொட்டை மாடி வகுப்புகள். பெண்கள் மட்டும் கூடுகிற இடம், சுடிதாரோடு போகலாம், ஆசிரியரும் பெண்ணாக இருப்பார், இந்த மூன்றும் நம் ஊரில் சின்ன விஷயமில்லை. வளைந்து கொடுக்கும் தன்மை, நிதானம், மூச்சு, தூக்கம், மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருகிற படபடப்பு, இவற்றுக்கெல்லாம் யோகா நன்றாகவே உதவுகிறது. பலம் என்று வரும்போது எந்த ஆசனம் என்பதைப் பொறுத்தது. படுத்துக்கொண்டும் உட்கார்ந்துகொண்டும் செய்கிறவை எலும்புக்கும் தொடைக்கும் போதாது. நின்று செய்கிற உத்கடாசனம், வீரபத்ராசனம், ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் இருக்கிற வகுப்பாகப் பாருங்கள். எப்படிப் பார்த்தாலும் நம் உடம்பு எடைக்கு மேல் சுமை ஏற்ற யோகாவில் வழி இல்லை என்பது அதன் எல்லை. எலும்பு அடர்த்தி ஏற்கெனவே குறைந்தவர்கள் முன்பக்கமாக முதுகை வளைத்து மடங்குகிற ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும், இதை எல்லா ஆசிரியர்களும் சொல்லித் தருவதில்லை.

அடுத்தது எடை தூக்குவது. இதைச் சொன்னாலே பெண்கள் சிரிப்பார்கள், இல்லை பயப்படுவார்கள். கையும் தோளும் ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். ஆகாது. அந்த அளவு தசை வளர வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் பெண் உடம்பில் மிகக் குறைவு, மாதவிடாய் நின்ற பிறகு இருக்கிற தசையைக் காப்பாற்றுவதே பெரிய பாடு. ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகம் நடத்தி 2018-ல் வெளியிட்ட 'லிஃப்ட்மோர்' சோதனையில், 58 வயதைத் தாண்டிய, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களில் ஒரு பாதிப்பேருக்கு நல்ல கனமான எடையைத் தரையிலிருந்து தூக்கி நிமிரவும், தோளில் வைத்து உட்கார்ந்து எழவும், தலைக்கு மேல் தள்ளவும், உயரத்திலிருந்து குதித்து இறங்கவும் பயிற்சி கொடுத்தார்கள். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம், பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். அவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் ஏறியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் இறங்கியது. வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் இவ்வளவு தருகிற வேறு பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே இருபது கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கிவிடாதீர்கள். அந்தப் பெண்களே முதல் மாதம் லேசான எடையில் முறையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் கனத்துக்குப் போனார்கள். வீட்டில் ஆரம்பிக்க நாற்காலி போதும்: உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் ஏறி இறங்குவது, இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வீட்டு நடையில் போய் வருவது. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, கடைசி இரண்டு முறை நிஜமாகவே கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டம் தெரியாமல் போன வாரம் சுமையைக் கூட்ட வேண்டும், பாட்டிலுக்குப் பதில் ஐந்து கிலோ பை, நாற்காலிக்குப் பதில் கொஞ்சம் தாழ்வான முக்காலி. பலர் கோட்டை விடுவது இங்கேதான், மூன்று மாதம் கழித்தும் அதே பாட்டிலோடு நிற்பார்கள். சில நூறு ரூபாய்க்கு ரப்பர் பட்டை கிடைக்கிறது, ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்தால் முதுகுக்கும் தோளுக்கும் வேலை கிடைக்கும்.

ஜிம்முக்குப் போவதானால் ஒன்றைக் கவனியுங்கள். நடுவயதுப் பெண் உள்ளே நுழைந்ததும் பல இடங்களில் நேராக டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு எடை குறைக்கிற பேச்சை ஆரம்பித்துவிடுகிறார்கள். மாதம் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து அங்கேயும் நடப்பதற்கா போகிறோம்? "எனக்குக் கால் பலம் வேணுங்க, எடை தூக்கச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டுவிடுங்கள். கேட்டும் சொல்லித்தராத இடம் உங்களுக்கான இடமில்லை. பெண்களுக்கென்று தனி நேரம், பெண் பயிற்சியாளர் இருக்கிற ஜிம் இப்போது கோபி, தாராபுரம் மாதிரி ஊர்களிலும் வந்துவிட்டது, விசாரித்தால் கிடைக்கும்.

வள்ளி கும்மியை இந்த வரிசையில் சேர்ப்பதைச் சிலர் வேடிக்கையாகப் பார்க்கலாம். நான் மனசாரச் சேர்க்கிறேன். கடந்த சில ஆண்டுகளாகக் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கற்றுக்கொள்கிறார்கள். பொழுது சாய்ந்து வேலையெல்லாம் முடித்து, கோயில் மைதானத்தில் லைட் போட்டு, ஆசிரியர் வள்ளி முருகன் கதையைப் பாட, பத்து வயதுப் பிள்ளையிலிருந்து அறுபது வயது அம்மிணி வரைக்கும் ஒரே வட்டத்தில் ஆடுவார்கள். அந்தக் காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓர் அடி முன்னே, ஓர் அடி பக்கவாட்டில், குனிந்து கைதட்டி, நிமிர்ந்து திரும்பி, ஒரு சின்னத் துள்ளல், மறுபடியும் எதிர்ப்பக்கம். நேராக முன்னால் மட்டும் போகிற நடையில் இல்லாத மூன்று விஷயம் இதில் இருக்கிறது: பக்கவாட்டு அசைவு, திரும்புவது, துள்ளுவது. வயதான காலத்தில் திரும்பும்போதும் பக்கவாட்டில் சாயும்போதும் விழுகிறவர்கள் உண்டு, துள்ளும்போது எலும்புக்குக் கிடைக்கிற அதிர்வு நடையில் கிடைக்காதது. பாட்டு வேகம் எடுக்க எடுக்க மூச்சும் வாங்குகிறது. அடவை நினைவில் வைக்க மூளைக்கும் வேலை. இதற்கெல்லாம் மேலே, வராவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா வந்து கூப்பிடுவார். பயிற்சியை விடாமல் செய்ய வைப்பதில் அந்தக் குரலுக்கு இருக்கிற சக்தி எந்த ஆப்புக்கும் இல்லை.

குறையும் இருக்கிறது. அரங்கேற்றம் முடிந்ததும் பல ஊரில் பயிற்சி நின்றுவிடுகிறது, அடுத்த நோம்பி, திருவிழா வரை யாரும் ஆடுவதில்லை. அரங்கேற்றத்துக்குப் பிறகும் வாரம் இரண்டு நாள் கூடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. காங்கிரீட் தளத்தில் வெறுங்காலோடு துள்ளுவது முட்டிக்கு ஆகாது, மண் தரைதான் சரி. கைக்கும் முதுகுக்கும் சுமை இல்லை என்பதால் எடைக்கு இது மாற்றாகாது.

மலைப்படிக்கு ஒரு தனி இடம் கொடுப்பேன். சென்னிமலைக்கு 1,320 படி. சஷ்டிக்கும் கிருத்திகைக்கும் ஏறுகிற பெண்கள் தெரிந்தோ தெரியாமலோ நல்ல தொடைப் பயிற்சி செய்கிறார்கள், ஒவ்வொரு படியும் ஒற்றைக் காலில் உடம்பு முழுவதையும் தூக்குவதுதானே. முட்டிக்குக் கஷ்டம் இறங்கும்போதுதான் அதிகம். ஏறும்போது படியில் ஏறி, வரும்போது கோயில் பஸ்ஸில் வந்துவிடலாம், சென்னிமலை, மருதமலை இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. ஆனால் மாதம் ஒருமுறை ஏறுவது பக்திக்குப் போதும், தசைக்குப் போதாது. வீட்டு மாடிப்படியிலாவது வாரத்தில் சில நாள் ஏற வேண்டும்.

நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு அருமை, முட்டி வலிக்காரர்களுக்கும் சுகம். ஆனால் உடம்பு எடை காலில் இறங்காததால் எலும்புக்கு அவற்றால் பெரிய பலன் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாள் பலப்பயிற்சி, 65-க்கு மேல் நிதானப் பயிற்சியும் வாரம் மூன்று நாள் என்கிறது. யாருக்கு எது என்று கேட்டால் என் பங்கீடு இது. பனியன் கம்பெனியில் உட்கார்ந்தே வேலை செய்கிறவருக்கு முதலில் பலப்பயிற்சி, இரண்டு நாள் இருபது நிமிடம், வீட்டிலேயே. நடை அதற்கு அடுத்தது, பஸ்ஸை ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தால்கூடப் போதும். தோட்டத்தில் குனிந்து நிமிர்கிறவருக்குத் தொடையைப் பற்றிக் கவலை இல்லை. அவருக்கு யோகாவும், ரப்பர் பட்டை இழுப்பும், பருவ வேலை மும்முரத்தில் ஓய்வும்தான் வேண்டும். ஆபீஸ், பள்ளிக்கூட வேலைக்காரர்கள் ஏற்கெனவே நடக்கிறார்கள் என்றால் ஐந்து நாள் நடையை மூன்றாகக் குறைத்து மீதி இரண்டை எடைக்குக் கொடுக்கட்டும், நேரம் கூடுதலாக ஒரு நிமிடமும் தேவையில்லை. தனியாகச் செய்தால் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிற சுபாவம் என்றால் யோசிக்காமல் கும்மிக்குப் பேர் கொடுத்துவிட்டு, ஆடுவதற்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்தே உட்கார்ந்து எழுகிற பழக்கத்தை அங்கேயே கொண்டு வரலாம்.

"முட்டி தேஞ்சு போச்சு, டாக்டர் படி ஏறக்கூடாதுன்னுட்டாருங்க" என்கிறவர்கள் பாதிக்குப் பாதி. மூட்டுத் தேய்மானத்துக்கு உலகம் முழுக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் சொல்கிற சிகிச்சையே உடற்பயிற்சிதான். தொடையின் முன்தசை பலமானால் முட்டிக்குத் தாங்கல் கிடைக்கிறது, வலியும் குறைகிறது. உயரமான நாற்காலியில் ஆரம்பியுங்கள், லேசான வலி வந்து மறுநாளுக்குள் அடங்கினால் பயமில்லை, வீங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் ஒரு முறை பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கனம் தூக்கவோ துள்ளவோ வேண்டாம்.

அம்மாவையும் மாமியாரையும் நினைத்து "அவங்களுக்கு இனி முடியுமா" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் காப்பகத்தில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பலப்பயிற்சி கொடுத்தார்கள், முடித்தவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 2014-ல் வெளியான 'லைஃப்' சோதனையில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரில் நடையோடு பலம், நிதானப் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களில் 30.1 சதவீதம் பேர் சுமார் கால் மைல் நடக்க முடியாத நிலைக்குப் போனார்கள், வெறும் உடல்நல வகுப்பு மட்டும் கேட்டவர்களில் அது 35.5 சதவீதம்.

இவ்வளவு செய்தும் தட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் தசை எங்கிருந்து வரும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ பெண்ணுக்கு நாளுக்கு 50 கிராம். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய சோறும் ரசமும், ராத்திரி தோசை என்று ஓடுகிற நாளில் அதில் பாதிகூட வராது. நம் சமையலறையில் இதற்கு வழி இல்லாமல் இல்லை: நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. கொள்ளுப் பருப்பை மழைக்காலத்துக்கு மட்டும் வைக்காமல் வாரம் மூன்று நாள் கடையுங்கள், பச்சைப்பயிறு, முட்டை, தயிர் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று இருக்கட்டும், பிள்ளைகளுக்கு வைக்கும்போதே உங்கள் தட்டிலும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.